அமெரிக்காவோட 60 நாள் போர் சட்டம் உண்மையிலேயே வேலை செய்யுதா? மகளோட சொற்போருக்கு உதவி வேணும்

பிறை மீனா
2 ஜூலை 2025, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறையில ஒரு லோரி கம்பெனியில கெராணியா இருக்கேன், எந்த கொண்டைனர் எப்ப வருது எப்ப போகுதுன்னு பாத்து சொல்றதுதான் வேலை. போன மாசம் 22ஆம் தேதி ஞாயித்துக்கெழம, காலையில பசியாறிக்கிட்டு இருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. அமெரிக்கா ஈரான்ல குண்டு போட்டுருச்சாம், ஈரான் பக்கத்துல இருக்குற ஹோர்முஸ் நீரிணை வழியா கப்பல் போகுமா போகாதா, டீசல் வெல ஏறுமான்னு பாஸ் கேக்குறாரு, டிரைவருங்க கேக்குறாங்க, எனக்கு என்ன தெரியும்.

அன்னிக்கு சாயங்காலம் ஒட்டுக்கடையில ஒரு அண்ணன் சொன்னாரு, அமெரிக்காவுல அதிபர் நெனச்ச மாதிரியெல்லாம் போர் பண்ண முடியாது, 60 நாளுக்கு மேல போனா அவுங்க நாடாளுமன்றம் ஒத்துக்கணும், இல்லன்னா ராணுவத்தை திருப்பி அழைச்சே ஆகணும்னு சட்டம் இருக்குன்னு. இன்னொருத்தரு அதெல்லாம் பேப்பர்லதான்னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் தே தாரிக் ஆறுற வரைக்கும் பேசுனாங்க, முடிவு ஒண்ணும் தெரியல.

எதுக்குக் கேக்குறேன்னா, எம் மகள் ஆறாம் படிவம் படிக்கிறா, இந்த மாசக் கடைசியில சொற்போர் இருக்கு, தலைப்பு "போர் தொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே இருக்க வேண்டும்". இவ ஆதரிச்சுப் பேசணும். இணையத்துல தேடுனா எல்லாம் ஆங்கிலத்துல வக்கீல் பாஷையில இருக்கு, படிச்சா தலை சுத்துது.

எனக்கும் சொந்தமா ஒரு காரணம் இருக்கு. எங்க தாத்தா சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தவரு, ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் வேலைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. அவரு பால் வெட்டுன கத்திய எங்க பாட்டி சாகுற வரைக்கும் ஒரு துணியில சுத்தி அரிசி டின்னுக்குப் பின்னால வச்சிருந்துச்சு, துரு புடிக்காம தேங்கா எண்ணெ தடவும். எங்கேயோ இருந்த யாரோ போர்னு முடிவு பண்ணாங்க, தோட்டத்துல இருந்த இந்த மனுசனைப் போய் யாரு கேட்டா? அதனாலதான் இந்தத் தலைப்பு வந்ததுல இருந்து எனக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குது.

அந்த 60 நாள் சட்டம் என்ன, அது வேலை செய்யுதா? நம்ம மலேசியாவுல யாரு ஒத்துக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, முடிஞ்சா நம்ம பேசுற மாதிரியே சொல்லுங்க.

---

ஆயர் ஈத்தாம் பிரகாஷ்
2 ஜூலை, இரவு 9.51

அக்கா, சட்டம் இருக்கு, 1973ல வந்தது, அந்த அண்ணன் சொன்னது சரிதான். 48 மணி நேரத்துல அதிபர் அறிக்கை குடுக்கணும், அப்புறம் 60 நாள், பத்திரமா வெளிய வர்றதுக்கு இன்னும் 30 நாள். ஆனா போன வெள்ளிக்கெழமதான் செனட்ல, அதாவது அவுங்க மேல்சபையில, அனுமதி இல்லாம ஈரான் மேல சண்டை போடக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் வந்து 47க்கு 53ன்னு தோத்துருச்சு, அதனால ரெண்டாவது ஆள் சொன்னதும் சரிதான். செந்தூல் அண்ணன் வந்தா விவரமா சொல்லுவாரு.

---

செந்தூல்வாசி
2 ஜூலை, இரவு 11.38

மீனாம்மா, நான் கேஎல்ல வக்கீலா இருக்கேன், வீட்டு கிராண்டு, சொத்து கேஸ்தான் பாக்குறது, ஆனா இந்த விஷயத்தை ரொம்ப வருசமா படிச்சிக்கிட்டு வர்றேன். கொஞ்சம் நீளமா போகும், மகளையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிங்க.

மொதல்ல அடிப்படை. அமெரிக்க அரசியல் சட்டத்துல போர் பிரகடனம் பண்ற அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது அவுங்க நாடாளுமன்றத்துக்கு. படைகளுக்குத் தலைமைத் தளபதி அதிபர். ஆரம்பிக்கிறது ஒருத்தர் கையில, நடத்துறது இன்னொருத்தர் கையிலன்னு பிரிச்சி வச்சாங்க. ஆனா காங்கிரஸ் முறைப்படி கடைசியா போர் பிரகடனம் பண்ணது 1942 ஜூன்ல, பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல. அதுக்கப்புறம் கொரியா, வியட்நாம், ஈராக், எதுக்குமே பிரகடனம் கெடையாது. கொரியாவுக்கு 1950ல அதிபர் ட்ரூமன் காங்கிரஸைக் கேக்காமலே படை அனுப்பிட்டு, இது போர் இல்ல, போலீஸ் நடவடிக்கை மாதிரின்னு சொன்னாரு.

வியட்நாம் கதைதான் இந்த சட்டத்துக்கே காரணம். 1964 ஆகஸ்ட்ல டொன்கின் வளைகுடாவுல எங்க கப்பலை ரெண்டு தடவை வட வியட்நாம்காரங்க தாக்கிட்டாங்கன்னு அதிபர் ஜான்சன் சொன்னாரு, ரெண்டாவது தடவை தாக்குதலே நடக்கலன்னு பின்னாடிதான் தெரிஞ்சிச்சு. ஆனா அதுக்குள்ள காங்கிரஸ் தீர்மானம் போட்டு, தேவையானதை எல்லாம் செய்யலாம்னு அதிபர்கிட்ட குடுத்துருச்சு, கீழ்சபையில 416க்கு பூஜ்யம், செனட்ல 88க்கு 2. அந்த ரெண்டு பேரு மோர்ஸ், க்ரூனிங். 1968 தேர்தல்ல ரெண்டு பேருமே பதவியை இழந்துட்டாங்க. மகளுக்கு இத கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா காங்கிரஸ்காரங்க போர் விஷயத்துல ஓட்டுப் போடவே ஏன் பயப்படுறாங்கன்னு இதுல இருந்தே புரியும். போர் நல்லா போச்சுன்னா வேணாம்னு ஓட்டுப் போட்டவனுக்கு கெட்ட பேரு, மோசமா போச்சுன்னா சரின்னு போட்டவனுக்கு கெட்ட பேரு, ஓட்டே இல்லன்னா யாருக்கும் கெட்ட பேரு இல்ல.

அப்புறம் அதிபர் நிக்சன் கம்போடியாவுல ரகசியமா குண்டு போட்டது வெளிய வந்து, காங்கிரஸுக்கு கோவம் வந்து, 1973 நவம்பர் 7ஆம் தேதி இந்த சட்டத்தை நிறைவேத்துனாங்க. நிக்சன் வீட்டோ பண்ணியிருந்தாரு, அதாவது கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிட்டாரு, அதையும் மீறி கீழ்சபையில 284க்கு 135, செனட்ல 75க்கு 18ன்னு போட்டுப் பாஸ் பண்ணாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அந்த சட்டத்துல ரெண்டு பூட்டு போட்டாங்க. ஒண்ணு, காங்கிரஸ் ஒண்ணுமே செய்யாம சும்மா இருந்தாலும் 60 நாள்ல போர் நின்னுடணும். ரெண்டாவது, 60 நாளுக்கு முன்னாடியே நிறுத்தணும்னா ரெண்டு சபையும் சாதாரண மெஜாரிட்டியில தீர்மானம் போட்டாப் போதும், அதிபர் கையெழுத்தே தேவையில்ல. படிக்கும்போது அருமையான சட்டம். ரெண்டு பூட்டும் இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க.

ரெண்டாவது பூட்டு ஒடஞ்ச கதை கேட்டா ஆச்சரியப்படுவீங்க, போருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜகதீஷ் சத்தான்னு ஒருத்தரு, கென்யாவுல பொறந்த இந்திய வம்சாவளி, மாணவர் விசாவுல அமெரிக்கா போனவரு, விசா முடிஞ்சு போச்சு. திருப்பி அனுப்ப வேணாம்னு அதிகாரிங்க முடிவு பண்ணாங்க, கீழ்சபை தன் பாட்டுக்கு ஒரு தீர்மானம் போட்டு அந்த முடிவை ரத்து பண்ணிருச்சு. அவரு விடல, கேஸ் போட்டாரு. 1983ல உச்ச நீதிமன்றம் அவரு பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, அதிபர் கையெழுத்துக்கே போகாத தீர்மானத்துக்கு சட்ட பலம் இல்லன்னு. ஒரு மனுசனோட விசா கேஸ், ஆனா அந்த தீர்ப்போட போரை நிறுத்துற பூட்டும் கழண்டு போச்சு. அதுக்கப்புறம் போரை நிறுத்தணும்னா அதிபருக்குத் தீர்மானம் அனுப்பணும், அவரு வீட்டோ பண்ணுவாரு, அதை முறியடிக்க ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு வேணும். நடந்ததும் அதான். 2019ல ஏமன் போருக்கு உதவுறதை நிறுத்தச் சொல்லி ரெண்டு சபையும் பாஸ் பண்ணுச்சு, வீட்டோ. 2020ல ஈரான் விஷயத்துல ரெண்டு சபையும் பாஸ் பண்ணுச்சு, வீட்டோ. ரெண்டு தடவையும் மெஜாரிட்டி இருந்துச்சு, மூணுல ரெண்டு பங்கு இல்ல.

மொத பூட்டு, அதான் உங்க ஒட்டுக்கடை அண்ணன் சொன்ன 60 நாள், அதை யாரும் ஒடைக்கல, சாவியைத்தான் சுத்த மாட்டேங்குறாங்க. அந்தக் கணக்கு ஓடணும்னா "இந்தப் பிரிவுப்படி அறிக்கை குடுக்குறேன்"னு அதிபர் குடுக்கணும், அதிபர்கள் எல்லாம் "இந்த சட்டத்துக்கு இசைவா" குடுக்குறேன்னு எழுதுறாங்க, அந்த ஒரு வார்த்தையிலயே தப்பிச்சிக்கிறாங்க. அந்தப் பிரிவைச் சொல்லிக் குடுத்தது 1975ல ஃபோர்டு மட்டுந்தான், கம்போடியாக்காரங்க புடிச்சி வச்ச மயாகேஸ்ங்கற அமெரிக்க சரக்குக் கப்பல் விஷயத்துல, அதுவும் சண்டை முடிஞ்ச நேரத்துல. 1999ல கொசோவோவுல 78 நாள் குண்டு போட்டாங்க, கீழ்சபையில அனுமதி தீர்மானம் 213க்கு 213ன்னு சமமா வந்து தோத்துருச்சு, ஆனா போர் நிக்கல. எம்பிங்க கொஞ்ச பேரு கோர்ட்டுக்குப் போனாங்க, வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லன்னு அனுப்பிட்டாங்க. 2011ல லிபியாவுல 60 நாள் தாண்டுனப்ப ஒபாமா தரப்பு என்ன சொன்னாங்கன்னா, நம்ம ஆளுங்க தரையில இல்ல, நமக்கு ஆபத்து கம்மி, அதனால சட்டத்துல சொல்ற "பகைமைச் செயல்" இது இல்லவே இல்லன்னு. குண்டு விழுற எடத்துல இருந்தவங்ககிட்ட அதைச் சொல்லிப் பாக்கணும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை நாள்ங்கறது முக்கியமில்ல. எல்லாரும் சும்மா இருந்தா என்ன நடக்கும்னு பாருங்க. சும்மா இருந்தா போர் நிக்கும்னு இருந்தா, போர் வேணுங்கறவன் ஓட்டுக் கேட்டு அலையணும். சும்மா இருந்தா போர் தொடரும்னு இருந்தா, வேணாங்கறவன் அலையணும். 1973ல மொத மாதிரி எழுதுனாங்க, இன்னிக்கு ரெண்டாவது மாதிரி ஆயிருச்சு.

இதே கதை நம்ம நாட்டுலயும் இருக்கு, நாளைக்கு எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

---

சுங்கை பீசி பட்டாளத்தார்
3 ஜூலை, காலை 7.05

வக்கீல் தம்பி நல்லா எழுதியிருக்காரு. நான் 22 வருசம் ராணுவத்துல இருந்தவன், பென்ஷன்ல இருக்கேன், என் பக்கத்தையும் சொல்றேன்.

எல்லாத்துக்கும் நாடாளுமன்றத்தைக் கூட்டி ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்க முடியாது. 2013ல சபாவுல லஹாட் டத்துவுல ஆயுதத்தோட ஆளுங்க எறங்கி நம்ம போலீஸ்காரங்களைக் கொன்னப்ப, மார்ச் 5ஆம் தேதி விமானமும் படையும் உள்ள போச்சு. அந்த நேரத்துல விவாதம் வைக்கிறேன்னு சொன்னா சாவுறது யாரு? நம்ம வீட்டுக்குள்ள வந்தவனை வெரட்டுறதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. பாப்பாவ எதிரணி இதை வச்சித்தான் அடிப்பாங்க, பதில் தயாரா வச்சிக்கச் சொல்லுங்க.

ஆனா அடுத்தவன் ஊருக்குப் போறது வேற. 1993ல சோமாலியாவுல ஐநா வேலையா நம்ம படை இருந்துச்சு, நான் போகல, என் கூட்டாளிங்க போயிருந்தாங்க. அக்டோபர் 3ஆம் தேதி மொகாடிஷுவுல அமெரிக்க சிப்பாய்ங்க மாட்டிக்கிட்டப்ப ராத்திரியில கவச வண்டி எடுத்துட்டுப் போய் அவுங்களைக் கொண்டாந்ததுல நம்ம ஆளுங்களும் உண்டு, பாகிஸ்தான்காரங்களும் உண்டு. நம்ம ஆளு ஒருத்தர் செத்தாரு, மாட் அஸ்னான். அமெரிக்கா பக்கம் 18 பேரு. திரும்பி வந்த கூட்டாளி ஒருத்தன் என்கிட்ட சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, வண்டிக்கு உள்ள உக்காந்திருக்கும்போது வெளிய தகரத்துல கல்லு எறியற மாதிரி சத்தம் கேட்டுச்சாம், அது கல்லு இல்ல, தோட்டா.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு நெறைய பேருக்குத் தெரியாது. அமெரிக்க காங்கிரஸ் 60 நாள் சட்டத்தை மட்டும் நம்பிக்கிட்டு இருக்கல, காசுல கை வச்சிருச்சு. 1994 மார்ச் 31க்கு அப்புறம் சோமாலியாவுல படை நடவடிக்கைக்குப் பணம் கெடையாதுன்னு பட்ஜெட் சட்டத்துலயே எழுதிட்டாங்க, படையும் வெளிய வந்துருச்சு. பட்டாளத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை இது, எண்ணெ இல்லாம வண்டி ஓடாது.

---

பிரிக்பீல்ட்ஸ் ரீச்சர்
3 ஜூலை, காலை 10.22

மீனா பிள்ளை, உங்கட பாட்டியின்ர கத்திக் கதை படிச்சு மனம் கனத்துப்போச்சு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்தில இருந்து இங்க வந்து நாலு தலைமுறை ஆச்சு, ஆனா அங்கத்தைய உறவு விட்டுப்போகேல்லை.

செந்தூல் தம்பி சொன்னதில ஒண்டை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். "சும்மா இருந்தா நிக்கும்" எண்டு சட்டம் எழுதினாப் போதும் எண்டு நினைக்காதேங்கோ. இலங்கையில அப்பிடித்தான் எழுதியிருந்தது. ஜனாதிபதி அவசரகாலம் பிரகடனம் செய்தா, அது ஒரு மாசத்துக்குத்தான், பிறகும் வேணுமெண்டா ஒவ்வொரு மாசமும் பாராளுமன்றத்தின்ர ஒப்புதல் வேணும். பேப்பரில பாத்தா உலகத்திலயே இறுக்கமான கட்டுப்பாடு. நடந்தது என்ன? 2005 ஆகஸ்ட்டில வெளிநாட்டமைச்சர் லக்ஸ்மன் கதிர்காமரைச் சுட்ட பிறகு கொண்டுவந்த அவசரகாலத்தை 2011 ஆகஸ்ட் வரைக்கும் மாசாமாசம் கை உயர்த்தி நீடிச்சவை. 2009 மே மாசம் முள்ளிவாய்க்காலோட போர் முடிஞ்ச பிறகும் ரெண்டு வருசத்துக்கு மேல நீடிச்சவை. ஒவ்வொரு மாசமும் விவாதம் நடக்கும், தமிழ் எம்பிமார் எழும்பிப் பேசுவினம், பிறகு எண்ணிப் பாத்தா அரசாங்கத்துக்கு மெஜாரிட்டி. என்ர சித்தப்பா அங்க இருந்து கதைக்கேக்க சொல்லுவார், "இந்த மாசமும் பாஸ் பண்ணிட்டாங்கள் பிள்ளை" எண்டு, கரண்ட் பில் வந்த மாதிரி.

ஓட்டு ஒரு சடங்கா மாறிப்போச்சுது. சாகிற சனத்தின்ர பிரதிநிதிகள் சபையில எப்பவும் சிறுபான்மையா இருந்தா, மாசத்துக்கு ஒரு ஓட்டு வைச்சாலும் கிழமைக்கு ஒரு ஓட்டு வைச்சாலும் ஒண்டுதான். உங்கட மகள் ஆதரிச்சுப் பேசட்டும், நானும் அந்தப் பக்கந்தான், ஆனா இதை மறைச்சுப் பேச வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

---

பிறை மீனா
3 ஜூலை, மதியம் 1.10

ரீச்சர், உங்க பதிவை சாப்பாட்டு நேரத்துல மகளுக்கு அனுப்பிட்டேன், அவ ஒரே வரியில பதில் போட்டா, "அம்மா அப்ப நான் எப்படி ஜெயிக்கறது". பட்டாளத்தார் அண்ணே, லஹாட் டத்து பாயிண்டு ரொம்ப உதவி. செந்தூல் அண்ணே, நம்ம நாட்டு விஷயம் சொல்றேன்னீங்களே, சொல்லுங்க. அப்புறம் ரீச்சர் சொன்னதுக்கும் நீங்க பதில் சொல்லணும்.

---

லெபோ பந்தாய் ராஜன்
3 ஜூலை, மாலை 4.47

நடுவுல நான் ஒண்ணு சொல்லிடுறேன். மீனா, உங்க தாத்தாவைக் கூட்டிட்டுப் போன ஜப்பான்லயும் நாடாளுமன்றம் இருந்துச்சு, தேர்தல் இருந்துச்சு. ஆனா அவுங்க பழைய அரசியல் சட்டப்படி படைக்குத் தலைமை சக்கரவர்த்தி, போர் பிரகடனமும் சக்கரவர்த்தி, நாடாளுமன்றத்துக்கு அதுல எடமே இல்ல. அதை விட மோசம், 1936ல இருந்து ராணுவ அமைச்சரா வர்றவரு பதவியில இருக்குற ராணுவ அதிகாரியாத்தான் இருக்கணும்னு விதி, அதனால ஒரு மந்திரி சபையைப் புடிக்கலன்னா ராணுவம் ஆளைத் தராம இருந்தாப் போதும், மந்திரி சபையே கவுந்துரும். 1940 ஜூலையில யோனாய்ங்கற பிரதமரோட மந்திரி சபை அப்படித்தான் கவுந்துச்சு.

அதே வருசம் பிப்ரவரியில சைத்தோ தகாவோன்னு ஒரு எம்பி சபையில எழுந்து, சீனாவுல நடக்குற இந்தப் போர் எதுக்கு, எப்ப முடியும்னு கேட்டாரு. மார்ச்ல அவரை சபையை விட்டே நீக்கிட்டாங்க, அவரோட சக எம்பிங்களே ஓட்டுப் போட்டு. ஆனா 1942 தேர்தல்ல அரசாங்க ஆதரவு இல்லாமலே நின்னு அவரு ஊர்க்காரங்க அவரைத் திரும்ப ஜெயிக்க வச்சி அனுப்புனாங்க. போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது, ஜப்பான்ல. இதை நான் மொதல்ல படிச்சப்ப ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், ஏன்னா எங்க பெரிய தாத்தா 1941 டிசம்பர் 11ல இங்க ஜார்ஜ்டவுன்ல குண்டு விழுந்தப்ப வேடிக்கை பாக்க ரோட்டுல நின்ன கூட்டத்துல ஒருத்தரு. வெள்ளக்காரங்க ராத்திரியோட ராத்திரியா தீவை விட்டுப் போயிட்டாங்க, நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கோட்டையில பிரிட்டிஷ் கொடியை இறக்குனது கூட ஒரு தமிழர்தான், ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இன்னும் குண்டு போடாம இருக்கட்டும்னு. ஆரம்பிக்கிறதுலயும் நம்மளைக் கேக்கல, விட்டுட்டுப் போறதுலயும் கேக்கல.

---

செந்தூல்வாசி
3 ஜூலை, இரவு 10.15

ராஜன், சைத்தோ விஷயம் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி.

மலேசியாவுக்கு வர்றேன். நம்ம அரசியல் சட்டத்துல 41ஆவது பிரிவுப்படி மாமன்னர்தான் ஆயுதப் படைகளோட தலைமைத் தளபதி, ஆனா அவரு பொதுவா அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடப்பாரு. போரும் சமாதானமும் மத்திய அரசோட பட்டியல்ல இருக்கு. படை அனுப்புறதுக்கு முன்னாடி மக்களவையில ஓட்டு வேணும்னு எங்கேயும் கெடையாது. 2015ல சவூதிக்கு நம்ம படை போச்சு, 2018 ஜூன்ல புது தற்காப்பு அமைச்சர் திரும்ப அழைக்கிறோம்னு அறிவிச்சாரு, போறதும் வர்றதும் அமைச்சரவை முடிவு. தற்காப்பு வெள்ளை அறிக்கைன்னு ஒண்ணு மக்களவைக்கு வந்ததே 2019 டிசம்பர்லதான் மொத தடவை.

ஆனா மகளுக்கு உண்மையில உதவப் போறது 150ஆவது பிரிவு, அவசரகாலம். போரோ, உள்நாட்டுக் கலவரமோ வந்தா அரசாங்கம் எடுக்குற பெரிய ஆயுதம் அதான். 1957ல சுதந்திரம் வாங்குனப்ப அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா, பிரகடனம் ரெண்டு மாசத்துல தானா செத்துரும், ரெண்டு சபையும் ஒப்புதல் தீர்மானம் போட்டாத்தான் தொடரும். சும்மா இருந்தா நிக்கும். 1960ல அதைத் திருத்துனாங்க, பிரகடனம் தொடர்ந்துகிட்டே இருக்கும், ரெண்டு சபையும் ரத்து தீர்மானம் போட்டாத்தான் நிக்கும். சும்மா இருந்தா தொடரும். சின்னத் திருத்தம் மாதிரித்தான் தெரியும். அதோட பலன் என்னன்னா, 1969 மே கலவரத்துக்குப் போட்ட அவசரகாலம் 2011 வரைக்கும் உயிரோட இருந்துச்சு, 42 வருசம். நான் பொறந்து, பள்ளிக்கூடம் போயி, வக்கீலாகி, கல்யாணம் கட்டுனது எல்லாம் அவசரகாலத்துக்குள்ளதான், எனக்கே அது ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரியும். அதை நம்பிப் போட்ட சட்டத்துல விசாரணையில்லாம உள்ள வச்ச பசங்களோட அம்மாமாருங்க என் ஆபீஸ்ல வந்து உக்காந்திருக்காங்க, பிளாஸ்டிக் பையில ஐசியும் பொறப்புப் பத்திரமும் வச்சிக்கிட்டு, எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்னு கேட்டா என்னால பதில் சொல்ல முடியல. 2021ல கோவிட் அவசரகாலம் ஜனவரியில போட்டப்ப நாடாளுமன்றமே கூடல, ஜூலைக் கடைசியிலதான் கூடுச்சு, ரத்து பண்ற சபையே கூடாதப்ப யாரு ரத்து பண்றது?

இப்ப ரீச்சருக்கு. நீங்க சொன்னது என்னைக் குத்துச்சு, நேத்து நான் எழுதுனதுல அது இல்ல, இருந்திருக்கணும். ஓட்டு மட்டும் போதாதுங்கறது சரி. ஆனா ஓட்டு ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2013 ஆகஸ்ட் 29ஆம் தேதி பிரிட்டன்ல பிரதமர் கேமரன் சிரியா மேல தாக்குதலுக்கு ஓட்டு வச்சாரு, 285க்கு 272ன்னு தோத்தாரு, அவரு கட்சி ஆளுங்களே எதுத்துப் போட்டாங்க, பிரிட்டன் அன்னிக்குப் போகல. அங்க சட்டப்படி அவரு ஓட்டு வைக்கணும்னே கட்டாயம் இல்ல, அஞ்சு வருசம் கழிச்சு அப்ப பிரதமரா இருந்த தெரேசா மே ஓட்டே வைக்காம சிரியாவுல குண்டு போட்டாரு. ஜெர்மனியில 1994ல அரசியல் சட்ட நீதிமன்றமே சொல்லிருச்சு, படையை சண்டைக்கு வெளிய அனுப்பணும்னா நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒத்துக்கணும்னு, 2005ல அதைச் சட்டமாவே போட்டாங்க. உடனடி ஆபத்துன்னா மொதல்ல அனுப்பலாம், ஆனா ஒப்புதல் கெடைக்கலன்னா திருப்பி அழைக்கணும். பட்டாளத்தார் அண்ணன் கேட்ட லஹாட் டத்து கேள்விக்கு இதையே பதிலா வைக்கலாம், அவசரத்துக்கு வழி இருக்கு, ஆனா கதவு தானா சாத்திக்கும்.

இலங்கைக்கும் ஜெர்மனிக்கும் வித்தியாசம் எழுத்துல இல்ல ரீச்சர், ரெண்டுமே சும்மா இருந்தா நிக்குற மாதிரிதான் எழுதியிருக்கு. ஜெர்மனியில அரசாங்கம் கூட்டணியில நிக்குது, ஒரு கட்சி வேணாம்னா ஆட்சியே ஆடும், கோர்ட்டும் பின்னாடி நிக்குது. இலங்கையில ஜனாதிபதிக்கு எதிரா கை தூக்குனா அடுத்த தேர்தல்ல சீட்டு கெடையாது. அதனால மகள்கிட்ட சொல்லுங்க, "நாடாளுமன்றத்திடமே இருக்க வேண்டும்"னு தலைப்பு இருக்குல்ல, அந்த நாடாளுமன்றத்துல சுதந்திரமா கை தூக்க முடியுதாங்கறதையும் சேத்துப் பேசச் சொல்லுங்க, ரீச்சர் சொன்ன அந்த மாசாமாசம் கை உயர்த்துன கதையை எதிரணி எடுக்கறதுக்கு முன்னாடி அவளே எடுக்கட்டும்.

---

பிரிக்பீல்ட்ஸ் ரீச்சர்
4 ஜூலை, காலை 8.30

தம்பி, இப்ப சரி. இன்னொண்டு மட்டும். 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரம் விழுந்து மூண்டு நாள், அமெரிக்கக் கீழ்சபையில போருக்கு அனுமதி குடுக்கிற தீர்மானம், 420க்கு 1. அந்த ஒண்டு பார்பரா லீ, கலிஃபோர்னியாவில இருந்து வந்த கறுப்பினப் பெண். முக்கியமான பகுதி அறுபதே சொல்லு, அதை வைச்சுக்கொண்டு ரெண்டு தசாப்தமா எத்தனையோ நாட்டில சண்டை பிடிச்சவை, காலமுடிவு எண்டு ஒண்டும் அதில எழுதேல்லை. அவவுக்குக் கொலை மிரட்டல் வந்தது, பொலிஸ் காவல் போட்டவை. ஆனா அவவின்ர தொகுதிச் சனம் அவவைத் திரும்பத் திரும்ப அனுப்பினது. ராஜன் சொன்ன அந்த ஜப்பான்காரரையும் இவவையும் பிள்ளை பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பேசட்டும்.

---

பிறை மீனா
4 ஜூலை, இரவு 9.40

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கு ராத்திரி மகள் மணிலா கார்டு அட்டையில ரெண்டு பக்கமா கோடு போட்டு, ஒரு பக்கம் 1957, ஒரு பக்கம் 1960ன்னு எழுதி, நீங்க சொன்ன ரெண்டு வாசகத்தையும் எழுதி வச்சிருக்கா, அதுக்குக் கீழ 60 நாள் சட்டத்தையும் எந்தப் பக்கத்துல போடுறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சிக்கிட்டு இருந்தா, கடைசியில நடுக்கோட்டு மேலயே எழுதிட்டா. சைத்தோ பேரைச் சரியா எப்படிச் சொல்றதுன்னு கேக்குறா, ராஜன் அண்ணே, முடிஞ்சா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க.

பட்டாளத்தார் அண்ணே, அவ உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. சோமாலியாவுக்குப் போன உங்க கூட்டாளிங்ககிட்ட, போறதுக்கு முன்னாடி எதுக்குப் போறோம்னு யாராச்சும் சொன்னாங்களா? சொற்போருக்கு இல்ல, அவளுக்கே தெரிஞ்சிக்கணுமாம்.

---

சுங்கை பீசி பட்டாளத்தார்
5 ஜூலை, காலை 6.50

சொன்னாங்க பாப்பா. பட்டினியில இருக்குற சனங்களுக்கு அரிசி போய்ச் சேரணும், அந்த லோரியைக் காப்பாத்தத்தான் போறோம்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் போனாங்க, அதுல நெறைய நாள் அந்த வேலையைத்தான் செஞ்சாங்க. அந்த ஒரு ராத்திரி மட்டும் வேற. ஞாயித்துக்கெழம அந்தக் கூட்டாளி வீட்டுக்குப் போறேன், நீ கேட்டதா கேட்டுட்டு வந்து எழுதுறேன்.